பார்வையில் இல்லாத கோடு

பெறுநர்: சாலையில் கோடு போடும் துறையின் தலைமைப் பொறியாளர் அவர்கள்.

பொருள்: வெள்ளைக் கோட்டின் ஆயுளும் சுற்றுச்சூழலும் – தொடர்பாக.

பார்வை: சென்ற ஆண்டு போட்ட கோடு (தற்போது பார்வைக்குக் கிடைக்கவில்லை).

ஐயா,

சாலைக்கோட்டுக்குப் பெரும்பாலும் பயன்படுபவை பெயின்ட்டும் தெர்மோபிளாஸ்டிக்கும். பெயின்ட்டில் ரெசின், நிறமி, கரைப்பான் மூன்றும் உண்டு. கரைப்பான் ஆவியானால்தான் கோடு காயும். அந்த ஆவி, வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வெயிலில் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்கும். ஆக, கோடு மறைந்தாலும் துறையின் பணி காற்றில் நிற்கிறது. நீர் சார்ந்த பெயின்ட்டில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அது காயும்வரை மழை காத்திருக்க வேண்டும்.

தெர்மோபிளாஸ்டிக்கில் கரைப்பான் கிடையாது. ரெசின், டைட்டானியம் டை ஆக்சைடு, கால்சியம் கார்பனேட் தூள், கண்ணாடி மணிகள் ஆகியவற்றைக் கலந்து, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் உருக்கி, சுமார் 2.5 மி.மீ. கனத்தில் இழுப்பார்கள். ஆறியதும் கெட்டிப்படும். ரெசின் பெட்ரோலியத்திலிருந்தும் வரும், பைன் மரப் பிசினிலிருந்தும் வரும். மஞ்சள் கோட்டுக்கு லெட் குரோமேட் சேர்த்தால், காரீயமும் நச்சுக் குரோமியமும் மஞ்சளோடு இலவசம். கரிம மஞ்சள் நிறமியில் அந்தச் சலுகை இல்லை.

இரவில் கோட்டை மின்ன வைப்பவை கண்ணாடி மணிகள். பழைய ஜன்னல் கண்ணாடியிலிருந்தே இவற்றைச் செய்யலாம். மணி பாதிக்குச் சற்று மேல் புதைந்திருந்தால், முகப்பு விளக்கின் ஒளி ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பும். முழுக்கப் புதைந்தால் ஒளி திரும்பாது. மேலோட்டமாக ஒட்டினால் முதல் லாரியின் டயரோடு போய்விடும்.

வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடைத் தயாரிக்க நிறைய எரிசக்தி செலவாகிறது. தேயும் கோடு நுண்பிளாஸ்டிக்காக மழைநீரோடு வடிகாலுக்குப் போகிறது. எனவே எந்தப் பொருள் பசுமையானது என்பதைவிட, எந்தக் கோடு நீடிக்கும் என்பதே முதல் கேள்வி. ஒரே பொருளில் போட்ட கோடு இரண்டு மடங்கு காலம் உழைத்தால், மூலப்பொருளும் எரிபொருளும் பாதியாகும்.

கோடு முதுமையில் சாவது அரிது. தூசியைக் கூட்டாத தார் மீது போட்டால் அது தூசியைத்தான் பிடிக்கும், தாரைப் பிடிக்காது. ஈரத்தில் போட்டால் உரியும். சிமென்ட் சாலையில் பிரைமர் இல்லாமல் போட்டால் செதில் செதிலாகப் பெயரும். பரப்பு சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும் என்பது துறை அறியாத ரகசியமல்ல. ஆனால் அமைச்சர் வருகைக்கு முந்தைய இரவில் துடைப்பத்துக்கு நேரம் இருப்பதில்லை. அதனால் கிடந்த சருகுக்கும் வெள்ளையடிக்கப்படுகிறது. இவை எல்லாவற்றுக்கும் தப்பிய கோட்டைக் குழாய் பதிக்கத் தோண்டுகிறார்கள். அதற்கும் தப்பியது அடுத்த தார் பூச்சுக்கு அடியில் நிரந்தரமாகப் பாதுகாக்கப்படுகிறது. நீடித்த ஆயுள் என்று துறை சொல்வது இதுவாக இருக்கலாம்.

வேண்டுவன மூன்று. கூட்டிவிட்டுக் கோடு போடுதல். தோண்டும் துறையிடம் தேதி கேட்டுவிட்டுக் கோடு போடுதல். ஒப்பந்தக்காரருக்குப் போட்ட நீளத்துக்கு மட்டுமன்றி, ஓராண்டு கழித்து மிஞ்சியிருக்கும் நீளத்துக்கும் பணம் தருதல்.

இப்படிக்கு,
சாலையின் நடு எது என்று தேடுவோர்.

இணைப்பு: மேற்படி கோடு, ஒரு முறம் (தெருக்கூட்டுபவர் அள்ளித் தந்தது).