கொட்டகைக்குக் குடிவந்தவர்கள்

தோட்டத்துக் கொட்டகையில் எலி என்று வாய் திறந்தால் போதும், தெருவே நிபுணராகிவிடும். ஒருவர் கருவாடு வைக்கச் சொல்வார், இன்னொருவர் மசால்வடை. வடையைக் கண்டு மயங்கும் எலி கதைப் புத்தகத்தில்தான் அதிகம். நிஜ எலிக்குப் புதுப் பொருள் என்றாலே சந்தேகம். நேற்று இல்லாத பொறி இன்று முளைத்தால் சுற்றிக்கொண்டு போய்விடும். (நம் வாக்காளர்களுக்கு இந்தக் குணம் வாய்த்திருந்தால்... சரி, எலிக்கே வருவோம்.) எலி சுவரோரமாகத்தான் நடக்கும். அங்கேயே பொறியைப் போட்டு, நாலைந்து நாள் வில்லை ஏற்றாமல் தீனி மட்டும் போட வேண்டும். அந்தப் பொறுமை யாருக்கு இருக்கிறது?

கூண்டில் பிடித்ததைக் கொல்ல மனம் வராத புண்ணியவான்கள், விடியுமுன் அடுத்த தெருவில் விட்டுவிட்டு வருகிறார்கள். அடுத்த தெருவிலும் கருணைக்குப் பஞ்சமில்லை.

கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தால், வாய் கிழிந்த புண்ணாக்கு மூட்டை, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வைத்த ஓட்டை வாளி, கல்யாணத்தில் மிஞ்சிய பாக்குமட்டைத் தட்டுகள். இதற்குமேல் என்ன சீர்வரிசை வேண்டும்? பெண் எலி சினையானால் 3 வாரத்தில் குட்டி போட்டுவிடும். மூட்டையை நகர்த்துவதை நாம் பொங்கலுக்குத் தள்ளி வைத்திருப்போம்.

விஷம் வாங்கக் கிளம்புமுன் புண்ணாக்கை மூடிபோட்ட தகர டின்னில் கொட்டுங்கள். கதவடி இடுக்குக்குத் தகரம் அடியுங்கள். பென்சில் நுழைகிற ஓட்டை சுண்டெலிக்குத் தாராளம்.