ஒரு பூட்டு, ரெண்டு சாவி

பேத்திக்கு வாங்கிய கீபோர்டு, அவள் ஊருக்குப் போனதும் என் மடிக்கு வந்தது. ரிட்டையர் ஆனவனுக்குச் சபலம் வராமல் இருக்குமா? எனக்கு வந்தது செவன்த் கார்ட். "எந்தக் கார்டுங்க, ரேஷன் கார்டா?" என்றாள் வீட்டுக்காரி.

ஜி செவன்த் என்றால் ஜி, பி, டி, எஃப் என்று நாலே கட்டை. சேர்த்து அழுத்திவிட்டுச் சும்மா இருந்தால், வருவேன் வருவேன் என்று மிரட்டி வராமல் நிற்கும் தும்மல் மாதிரி ஒரு தவிப்பு. பி அரை ஸ்வரம் ஏறி சி-க்கும், எஃப் அரை ஸ்வரம் இறங்கி ஈ-க்கும் போகத் துடிக்கும். சி மேஜரை அழுத்தினால்தான் வீடு வந்து சேர்ந்த நிம்மதி.

இதுவரை பிழைத்தேன். டி-யை அரை ஸ்வரம் இறக்கி டி ஃபிளாட் ஆக்கினால், அது ஆல்டர்டு கார்டாம். ஆக்கினேன். திண்ணையில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது. சரி, இன்வெர்ஷன் பார்ப்போம் என்று அடியில் கிடந்த ஜி-யைத் தூக்கி மேலே போட்டேன், பிறகு பி-யையும். இப்போது வரிசை டி ஃபிளாட், எஃப், ஜி, பி. கார்டுப் புத்தகத்தில் அதற்குப் பெயர் டி ஃபிளாட் செவன்த் ஃபிளாட் ஃபைவ்! கட்டை அதே நாலு, ஆளே வேறு. மூணு நாள் அச்சுப்பிழை என்று புத்தகத்தைத் திட்டினேன்.

பக்கத்து மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 2025 மார்ச்சில் லண்டனில் சிம்பொனியே அரங்கேற்றிவிட்டார். நான் திண்டுக்கல் நாகல்நகரில் நாலு கட்டையோடு மல்லுக்கட்டுகிறேன்.

கடைசியில் புத்தி சொன்னது வாசலில் தொங்கிய மாங்காய்ப் பூட்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு சும்மாவா கொடுத்தார்கள்! இந்தக் கார்டும் ஒரு பூட்டு. திறக்க ரெண்டு சாவி. ஜி என்று கூப்பிட்டால் சி வீட்டுக்குப் போகும். டி ஃபிளாட் என்று கூப்பிட்டால் ஜி ஃபிளாட் வீட்டுக்குப் போகும்.

ஓடிப்போய் வீட்டுக்காரியிடம் சொன்னேன். "நம்ம பூட்டுக்கும் ரெண்டு சாவிதாங்க. ஒண்ணை நீங்க பஸ் ஸ்டாண்டுல தொலைச்சாச்சு. இன்னொண்ணு என் இடுப்புல. நாளைக்கு நான் பழனிக்குக் கல்யாணத்துக்குப் போறேன். நீங்க எந்த இன்வெர்ஷன்ல உள்ள வருவீங்க?"

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாங்காய்ப் பூட்டுச் சாவி ஏதாவது கிடைத்தால் கொண்டுவந்து கொடுங்கள், புண்ணியமாகப் போகும். திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பேன். கீபோர்டு உள்ளே இருக்கிறது.