பாலைத் திணையில் ஒரு வெஜ் ஃப்ரைடு ரைஸ்

காதலர் இருவர், கையில் ஐந்நூறு ரூபாய், மணி ஒன்றரை, இடம் தீம் பார்க். இந்த நான்கும் கூடுகிற புள்ளியில் என்ன உண்பது என்ற கேள்வியைத் தமிழ் ஆய்வுலகம் தொடாமலே விட்டிருக்கிறது. சங்ககாலக் கள்ளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். தலைவனும் தலைவியும் அலைக்குளத்திலிருந்து சொட்டச் சொட்ட ஏறி வந்து, விலைப்பலகையைப் பார்த்து ஊமையாகி நிற்கும் அந்தக் கணத்துக்கு ஓர் அடிக்குறிப்புகூடக் கிடையாது. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. ஆய்வாளனின் தகுதி: களப்பணி ஒருமுறை. 2006 மே மாதம், திருமணத்துக்கு நான்கு மாதம் முன்பு, வீட்டில் 'நண்பனோட தங்கச்சி கல்யாணம்' என்று சொல்லிவிட்டுச் சென்றது.

முதலில் திணை. முதல், கரு, உரி மூன்றையும் பொருத்திப் பார்க்காமல் ஒரு நிலத்தைப் பற்றிப் பேசுவது தொல்காப்பியம் பிறந்த மொழிக்கு அழகன்று. அலைக்குளம் இருப்பதால் தீம் பார்க் நெய்தலே என்பர் ஒரு சாரார். அந்த நீரில் உப்பில்லை, குளோரின்தான் உண்டு என்பதால் அது பொருந்தாது. செயற்கை அருவியும் சிமெண்டுப் பாறையும் உள்ளமையின் குறிஞ்சி என்பாரும் உளர். பென்குவின் வடிவக் குப்பைத்தொட்டி 'யூஸ் மீ' என்று வாய் பிளந்து நிற்கும் நிலத்தைக் குறிஞ்சி என ஏற்க மனம் ஒப்பவில்லை. மருதக் கட்சியினரின் வாதம் சற்று வலுவானது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். "என்ன சாப்பிடுற?" "நீங்களே சொல்லுங்க." "இல்ல, நீ சொல்லு." இந்த உரையாடலை இருபது நிமிடம் கேட்டவர் மருதத்தை எளிதில் தள்ளமாட்டார். ஆயினும் மருத ஊடலுக்கு மூன்றாவதாக ஒருத்தி வேண்டும். இங்கே மூன்றாவதாக நிற்பது விலைப்பலகை மட்டுமே.

ஆகவே பாலை. பாலைக்குப் பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். தீம் பார்க் நிரம்புவது கோடை விடுமுறையில், பசிப்பது உச்சி வெயிலில். வீட்டாருக்குத் தெரியாமல் தலைவி தலைவனுடன் புறப்பட்டுப் போகும் உடன்போக்கைப் புலவர்கள் பாடியதும் பாலையில்தான். இவற்றையெல்லாம் விடப் பெரிய சான்று உணவு. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் உணவும் ஒன்று. குறிஞ்சிக்குத் தினை, முல்லைக்கு வரகு, நெய்தலுக்கு மீன். பாலைக்கு மட்டும் விளைந்தது எதையும் உரையாசிரியர்கள் சொல்லவில்லை. வழிப்போக்கரிடம் பறித்த பொருளே அந்நிலத்து உணவு என்று எழுதி வைத்தார்கள். உணவுக்கூடத்தில் ஒருமுறை பில் போட்டவர் இதற்குமேல் சான்று கேட்கமாட்டார். ஒரே ஒரு திருத்தம் தேவை: பழைய பாலையில் பறித்தவர் உண்டனர், புதிய பாலையில் பறிகொடுத்தவரே உண்கின்றனர்.

ஒப்பியல் நோக்கின்றி ஆய்வு முழுமை பெறாது என்பதால் கலிபோர்னியாவுக்கு ஒரு நடை போய் வருவோம். இத்துறையின் மூலபாடமான டிஸ்னிலேண்ட், அனாஹைம் ஊரில் 1955 ஜூலை 17 அன்று திறந்தது. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய், கழிப்பறை இரண்டையும் குறித்த நாளுக்குள் முடிக்க முடியாத நிலை. எது முதலில் என்று வால்ட் டிஸ்னியைக் கேட்டார்கள். அவர் கழிப்பறையைத் தேர்ந்தார். அன்று நல்ல வெயில். நாக்கு வறண்ட கூட்டம், குளிர்பானம் விற்கத்தான் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள் என்று குமுறியது. உண்மைக் காரணம் வேறுதான். எனினும் தீம் பார்க்கில் தண்ணீர் பாட்டில் வாங்கும் ஒவ்வொருவர் மனத்திலும் எழும் அந்தச் சந்தேகத்துக்குத் துறையின் பிறந்தநாள் அன்றே காது குத்தியாகிவிட்டது என்க.

அந்தத் திறப்புக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்புதான் டிஸ்னியின் 'லேடி அண்ட் த டிராம்ப்' கார்ட்டூன் படம் வெளிவந்தது. இத்தாலிய உணவகத்தின் கொல்லைப்புறத்தில் ஒரு தட்டு ஸ்பாகெட்டியை இரண்டு நாய்கள் பகிர்ந்துண்ணும். ஒரே இழையின் இரு முனைகளை அறியாமல் கவ்வி, இழை குறையக் குறைய முகங்கள் நெருங்கும். அக்காட்சியே வேண்டாமென்று டிஸ்னி முதலில் நினைத்தார். ஃபிராங்க் தாமஸ் என்ற கலைஞர் வரைந்து காட்டிய பிறகே மனம் மாறினார். சிக்கனக் காதல் விருந்தின் முதல் நூல் இதுவே. பில் வரவில்லை, ஜிஎஸ்டி இல்லை. பின்னாளில் ஃபுளோரிடாவின் மேஜிக் கிங்டம் பூங்காவுக்குள் அந்த உணவகத்தின் பெயரிலேயே ஒன்றைக் கட்டினார்கள். நாய்களுக்கு இலவசமாகக் கிடைத்த காதலை அங்கே மனிதர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இதே முறையை நம்மூர் இடியாப்பத்தில் செய்து பார்க்கலாமே என்று தோன்றும். செய்து பார்த்தேன். பாதி வழியில் அறுந்துவிடும். தேங்காய்ப்பால் சட்டையில் சொட்டும்.

அடுத்து, கட்டுச்சோறு. வீட்டிலிருந்து கொண்டுபோனால் செலவே இல்லையே என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நம்மூர்ப் பூங்காக்கள் பலவற்றின் வாசலில் மேசை போட்டு ஓர் அக்கா உட்கார்ந்திருப்பார். பையைத் திறப்பார், டிபன் பாக்ஸை வெளியே வைப்பார், "வெளியில போறப்ப வாங்கிக்கங்க" என்பார். ராணுவ எல்லையிலும் இப்படி ஒரு மோப்ப சக்தி இருக்குமா தெரியவில்லை. டோக்கியோ டிஸ்னிலேண்டிலும் வீட்டுச் சாப்பாட்டை உள்ளே உண்ண விடமாட்டார்கள். ஆனால் வாசலுக்கு வெளியே அதற்கென்று தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஃபுளோரிடாவில் தாராளம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது, சூடுபடுத்தவோ குளிரூட்டவோ தேவைப்படக்கூடாது, நெடி அடிக்கக்கூடாது. மற்றபடி கொண்டு வரலாம். இவ்விதியைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இது புளியோதரைக்கு எழுதிய இலக்கணம் அல்லவா? சூடுபடுத்தத் தேவையில்லை, குளிர்பெட்டி கேட்காது, காலையில் கிளறினால் இரவு வரை தாங்கும், எவர்சில்வர் தூக்கில் போகும். கடைசி விதிதான் இடிக்கிறது. பெருங்காயம் நெடியா, மணமா? இதற்குத் தனி மாநாடே கூட்டலாம்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது என்றும் நோக்க வேண்டும். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வெளி உணவைத் தடுக்கத் திரையரங்குகளுக்கு உரிமை உண்டு, ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தரவேண்டும் என்றது. விசாரணையின்போது, யாராவது ஜிலேபி கொண்டுவந்து தின்றுவிட்டுக் கையை இருக்கையில் துடைத்தால் சுத்தம் செய்வது யார் என்று தலைமை நீதிபதி சந்திரசூட் கேட்டார். தீர்ப்பு திரையரங்குக்கு உரியது, பூங்காவுக்கு அன்று. அலைக்குளத்தில் கையைத் துடைக்க இருக்கை ஏது என்று நான் வாதிட்டிருப்பேன். என்னை யாரும் வக்காலத்துக்கு அழைக்கவில்லை.

இனி களப்பணி. பூங்காவின் பெயர் வேண்டாம், எல்லாப் பூங்காவும் ஒன்றுதான். டிக்கெட் எடுத்தபின் எங்கள் இருவர் கையிருப்பு 500. நைலான் உடை வாடகை இருவருக்கு 100. (பருத்தி உடையோடு தண்ணீரில் இறங்கக் கூடாதாம். தண்ணீருக்கு என்ன பகையோ.) லாக்கர் வாடகை 50, லாக்கர் அட்வான்ஸ் 100. திரும்பிப் போகப் பஸ்ஸுக்கு ஒதுக்கியது 80. மீதி 170. உணவுக்கூடத்தில் வெஜ் ஃப்ரைடு ரைஸ் 140, லெமன் சோடா 30. கூட்டிப் பாருங்கள். காதலுக்கு இறைவன் துணை என்பதை அன்றுதான் கணித வழியில் கண்டேன். மெழுகுவத்தி, ரோஜா, வயலின் ஆகிய இனங்களுக்கு ஒதுக்கீடு பூஜ்யம். மெழுகுவத்தி இருந்தாலும் அந்த வெயிலில் பற்ற வைக்கும் முன்பே உருகியிருக்கும். பணத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தேன். கவரில் ஓட்டை. கவுண்டர்காரர் நூறு ரூபாய்த் தாளை இரு விரலால் தூக்கிப் பார்த்து, உலர்ந்ததாக இருக்கிறதா என்றார். இப்போதைய காதலர்க்கு இத்துயரம் இல்லை. செல்போனைக் கழுத்தில் உறைபோட்டுத் தொங்கவிட்டுக் க்யூஆர் கோடில் காட்டிவிடுகிறார்கள். மின்னணுப் பணம் நனையாது. தீர்ந்துபோவது மட்டும் பழைய வேகத்திலேயே.

ஒரு லெமன் சோடா, இரண்டு ஸ்ட்ரா. இங்கேதான் இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. அவள் உறிஞ்சுகிறாள், நானும் உறிஞ்சுகிறேன், ஐந்து நிமிடமாகியும் அளவு குறையவில்லை. உற்றுப் பார்த்தால் அவள் கன்னம் குழியவே இல்லை. ஸ்ட்ராவில் வாயை வைத்துச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அவளும் என் கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான ஐந்திணை ஐம்பதில் மாறன் பொறையனார் ஒரு காட்சி வைக்கிறார். சுனையில் கொஞ்சமே நீர், இருவருக்கும் போதாது. பெண்மான் நிறையக் குடிக்கட்டும் என்று ஆண்மான் நீரில் வாயை வைத்துக் குடிப்பதுபோல் நடிக்கிறது. அதுவும் பாலைத் திணைப் பாட்டு என்பதை இங்கே பெருமையுடன் சுட்டுகிறேன். பொறையனார் பார்க்கத் தவறியது, பெண்மானும் நடித்துக்கொண்டிருந்திருக்கலாம் என்பது. சுனை அப்படியே இருந்திருக்கும்.

சொல்லாலும் இந்நடிப்பு நிகழும். 'எனக்குப் பசிக்கல' என்பது அச்சொல். இதை நான்காக வகுக்கலாம். விலைப்பலகையைப் பார்த்தபின் வருவது பர்ஸ் பசியின்மை. எதிரில் இருப்பவர் தட்டைப் பார்த்து வருவது அன்புப் பசியின்மை. 'நான் கேட்டது வாங்கல' என்பதன் மாற்று வடிவம் கோபப் பசியின்மை. இதற்கு மருந்து ஐஸ்கிரீம் ஒன்றே, ஆனால் பட்ஜெட்டில் இடமில்லை. நான்காவது, உண்மையிலேயே பசியில்லாமை. அரிதானது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதே அதன் அடையாளம். முதல் இரண்டும் பெரும்பாலும் கலந்தே வரும். "காலையில நல்லா சாப்ட்டுட்டேன்" என்று அவள் சொன்னது எவ்வகை என அப்போதே ஐயம் எழுந்தது. காலை ஆறு மணிக்கு, 'ஸ்பெஷல் கிளாஸ்' என்று ஹாஸ்டலில் சொல்லிவிட்டுக் கிளம்பியவள் எங்கே நல்லா சாப்பிட்டிருப்பாள்?

ஃப்ரைடு ரைஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சோறு மஞ்சளாக இருந்தது, கேரட் இருந்தது, பீன்ஸ் இருந்ததாகப் பலகையில் எழுதியிருந்தது. அவள் கேரட்டை என் பக்கம் தள்ளினாள். தியாகம் என்று எண்ணினேன். அவளுக்குக் கேரட் பிடிக்காது என்பது திருமணத்துக்குப் பிறகு வெளியான தகவல். ஆய்வுக்குரியது கடைசி ஸ்பூன். "நீங்க சாப்பிடுங்க." "நீ சாப்பிடு." பதினொரு நிமிடம் அந்த ஒரு வாய்ச் சோறு தட்டின் நடுவே தனித்தீவாக இருந்தது. பிறகு ஒரு காகம் வந்து மேசை விளிம்பில் உட்கார்ந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்து, எடுத்துக்கொண்டு போயிற்று. எந்தப் பக்கத்துப் பாட்டனாரோ, யாம் அறியோம். எங்கள் காதலுக்கு முதலில் ஒப்புதல் கொடுத்த பெரியவர் அவரே.

மாலை ஐந்தரைக்கு லாக்கர் சாவியைக் கொடுத்தபோது கவுண்டர்காரர் நூறு ரூபாயை நீட்டினார். இருவரும் விழித்தோம். கணக்கில் அட்வான்ஸைச் செலவாகவே எழுதிவிட்டிருந்தோம். பட்ஜெட் நூல்கள் எதிலும் இந்த இனம் இல்லை. மறந்துபோன சொந்தப் பணத்துக்கு ஒரு தலைப்பு அவசியம் வேண்டும் என்று நிதித்துறைக்குப் பரிந்துரைக்கிறேன். வாசலுக்கு வெளியே, சாலை ஓரத்தில் தள்ளுவண்டி. இட்லி ஒன்று ஐந்து ரூபாய். முதல் தட்டு வந்தது. பிறகு பேச்சே இல்லை. சட்னி கேட்பதற்கு மட்டும் தலை நிமிர்ந்தோம். இரண்டு டீயும், அவள் கைக்கு ஒரு கடலைமிட்டாயும் போக, மொத்தம் பதினேழு இட்லி.

"பசிக்கலன்னு சொன்னீங்க?" என்றாள்.

"நீயும்தான்."

"நான் எட்டுதான். நீங்க ஒன்பது."

அவள் எண்ணியிருக்கிறாள் என்பதை ஆய்வாளன் அன்று ஒரு தரவாகவே எடுத்துக்கொண்டான்; எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது மணி எட்டரை. "கல்யாணத்துல என்னடா சாப்பாடு?" என்று அம்மா கேட்டாள். ஃப்ரைடு ரைஸ் என்றால் மாட்டிக்கொள்வேன், இட்லி என்றாலும் மாட்டிக்கொள்வேன். "எல்லாமே இருந்துச்சு" என்றேன். அம்மா என் நனைந்த தலையைப் பார்த்தாள், குளோரினில் சிவந்த கண்ணைப் பார்த்தாள். "தோசை ஊத்தட்டா?"

"வேணாம்மா, பசிக்கல" என்றேன். அன்று காலையிலிருந்து நான் சொன்ன ஒரே உண்மை அது. அம்மா அடுப்பைப் பற்றவைத்துக் கல்லைப் போட்டாள்.