அரை மாத்திரை: நட்புக் குழுவில் 'ம்' என்ற மறுமொழி குறித்து ஓர் ஆய்வு

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் ஒருவர், பாரிஸில் வேலை பார்க்கும் பழைய கூட்டாளிக்கு, அன்றைக்குப் படித்து முடித்த நாவலைப் பற்றி வாட்ஸ்அப்பில் நாற்பது வரி எழுதி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கே ராத்திரி ஒன்பது மணி. குளிர்காலமானால் அங்கே சாயங்காலம் நாலரை. இரண்டு நீலக் குறி விழுகிறது. பிறகு பதில் வருகிறது: 'ம்'. இந்த ஓரெழுத்துப் பதிலால் வந்த மனஸ்தாபங்களுக்குக் கணக்கில்லை. அதைத் திட்டுபவர்கள் உண்டு, மீம் போட்டுக் கேலி செய்பவர்கள் உண்டு. உட்கார்ந்து ஆராய்ந்தவர்கள்தான் இல்லை. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதுதான்: விளையாட்டு, புத்தகம், அன்றாடம் என்று நண்பர்கள் தங்கள் உற்சாகத்தைப் பகிர்ந்துகொள்ள, எதிராளியிடம் அதே அளவு உற்சாகம் இருக்க வேண்டியதில்லை. 'ம்' போதும். சொல்லப்போனால், பதிலுக்குப் பொங்கும் உற்சாகம்தான் ஆபத்து. இதற்கான சான்றுகள் பெரும்பாலும் புதுச்சேரியிலேயே கிடைப்பது தற்செயலன்று. தற்செயலாகவே இருந்தாலும் ஆய்வுக்கு அது தடையில்லை.

இலக்கணத்தில் தொடங்குவது மரபு. மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்பது தொல்காப்பியம் காட்டும் அளவு. ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், அல்லது விரல் நொடிக்கும் நேரம். ஆகவே நாற்பது வரிக்குக் கிடைத்த கூலி, பாதிக் கண்ணிமைப்பு. மகரம் சில இடங்களில் குறுகிக் கால் மாத்திரையாகவும் ஒலிக்கும் என்று இலக்கணம் சொல்வதை எதிர்த்தரப்பார் உடனே தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆனால் ஒலியின் நீளத்தை வைத்து உழைப்பை அளப்பது சரியன்று. கைபேசியில் மகரத்தை ஒருமுறை தட்ட வேண்டும், புள்ளியை ஒருமுறை, அனுப்ப ஒருமுறை. ஆக மூன்று தட்டு. பாரிஸ் மெத்ரோவில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கையுறையைப் பல்லால் கழற்றி, கட்டைவிரலால் இதைச் செய்பவரை அலட்சியக்காரர் என்று சொல்ல மனம் வரவில்லை. வகைப்பாடும் தேவைதான். ஒற்றை 'ம்' என்றால் 'வந்து சேர்ந்தது'. இரட்டை 'ம்ம்' என்றால் 'மேலே சொல்'. மூன்று வந்தால் 'நம்ப முடியவில்லை, இருந்தாலும் சொல்'. பின்னால் முற்றுப்புள்ளி வைத்த 'ம்.' என்றால் கோபம். கணவன் மனைவிக்கு இடையிலான 'ம்' வேறு துறையைச் சேர்ந்தது. அதில் இறங்கும் துணிவு இக்கட்டுரைக்கு இல்லை.

முதற்சான்று கதை கேட்பதில் இருக்கிறது. பாட்டி கதை சொன்னால் பேரப்பிள்ளை 'உம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும், பிள்ளை தூங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த 'உம்'முக்குள் விமர்சனம், ஒப்பீடு, மாற்றுக் கருத்து எதுவும் கிடையாது. ஆனாலும் அது இல்லாமல் ராஜகுமாரன் ஏழு கடலில் ஒன்றைக்கூடத் தாண்ட முடியாது. நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தேடித் தொகுத்த கி. ராஜநாராயணன் 1989இல் புதுவைப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். பள்ளிப் படிப்பைத் தாண்டாத ஒரு கரிசல் விவசாயியைப் பேராசிரியராக்கியது, கதை சொல்லலுக்கும் கேட்டலுக்கும் கல்விப்புலத்தில் நாற்காலி போட்டதற்குச் சமம். 2021 மே மாதம் மறையும்வரை அவர் இந்த ஊரிலேயே இருந்தார். கடிதம் வழியாகவே ரசனையைப் பகிர்ந்துகொண்ட தலைமுறை அவருடையது. சென்னைக்குப் பிழைக்கப் போன எழுத்தாளர் கு. அழகிரிசாமி தன் இடைசெவல் கிராமத்து நண்பருக்கு, அதாவது கி.ரா.வுக்கு, எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. அங்கேயும் எழுத வைத்தது எதிர்முனையில் ஒருவர் காத்திருக்கிறார் என்ற நிச்சயம்தான். அன்றைக்கு அதைத் தபால்காரர் கொண்டுவந்தார்.

பதில் உற்சாகம் ஏன் ஆபத்து? 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆனார். பதினான்காவது ஆட்டத்தின் 55ஆவது நகர்த்தலில் அவரை எதிர்த்து ஆடிய டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்த கணத்தை ஒருவர் குழுவில் விவரிக்கத் தொடங்குகிறார் என்று கொள்வோம். 'ஆமாம் மச்சான், நானும் லைவ்ல பார்த்தேன், அன்னைக்கு என்ன ஆச்சுன்னா' என்று இன்னொருவர் நுழைகிறார். ஆனந்த் காலத்துக்குப் போகிறார் மூன்றாமவர். முதலாமவரின் யானை அதே கட்டத்தில் அநாதையாக நிற்கிறது. சம உற்சாகம் உள்ள இருவர் சந்தித்தால் பகிர்தல் நடப்பதில்லை. இரண்டு வானொலி நிலையங்கள் ஒரே அலைவரிசையில் ஒலிபரப்புவது போல் ஆகிவிடுகிறது. இதற்கு மாற்று என்ன என்பதை, புதுச்சேரியில் இன்றும் ஆடப்படும் பெத்தாங் ஆட்டத்தில் காணலாம். பிரான்சிலிருந்து வந்த ஆட்டம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்களும் ஆடியது. 650 முதல் 800 கிராம் எடையுள்ள இரும்புக் குண்டை, ஆறு முதல் பத்து மீட்டர் தள்ளிக் கிடக்கும் சின்ன மரக்குண்டை நோக்கி எறிய வேண்டும். பதின்மூன்று புள்ளி எடுத்தவருக்கு வெற்றி. வட்டத்துக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்க முடியும். அவர் எறியும்வரை மற்றவர்கள் கையில் குண்டை உருட்டிக்கொண்டு சும்மா நிற்கிறார்கள். எறிந்து முடித்ததும் தொண்டைக்குள் ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் நாடா எடுத்து அளக்கும் சண்டை. பெத்தாங் விதிகளில் அந்தச் சத்தத்துக்கு விதி எண் தராதது ஒரு குறை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 ஜனவரியில் சாகும்வரை நாட்குறிப்பு எழுதினாரே, அவருக்கு யார் 'ம்' கொட்டினார்கள்? கப்பல் வந்தது, கவர்னருக்குக் கோபம் வந்தது, யார் வீட்டில் கல்யாணம் என்று கால் நூற்றாண்டு ஸ்டேட்டஸ் போட்டவருக்கு ஒரு பதிலும் வரவில்லையே! மறுப்பு கனமானதுதான். ஆனால் பிள்ளையின் உத்தியோகத்தைப் பார்க்க வேண்டும். அவர் துபாஷி, அதாவது மொழிபெயர்த்துச் சொல்பவர். கவர்னர் துய்ப்ளெக்ஸ் துரை சொல்வதையெல்லாம் நின்று கேட்பது அவருடைய வேலையில் பெரும்பகுதி. துரை இன்னது சொன்னார், நான் இன்னது சொன்னேன் என்று அந்தக் குறிப்பு பக்கம் பக்கமாகப் போகிறது. பகலெல்லாம் அடுத்தவருக்கு 'ம்' கொட்டியவர், தன் பங்குக்கு ஒரு 'ம்' கிடைக்கும் என்று தாளை நம்பியிருக்கிறார். அதுவும் வீண்போகவில்லை. 1846இல் கலுவா மோம்பிரன் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தக் குறிப்புகளைக் கண்டெடுத்தார். நீலக் குறி விழ 85 ஆண்டு ஆனது, அவ்வளவே. ஒரு மணி நேரத்தில் பதில் வரவில்லை என்று குழுவை விட்டு வெளியேறுபவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இன்னொரு மறுப்பு பாரதிதாசன் பெயரால் வரும். பாரதியின் உற்சாகத்துக்கு அவர் வெறும் 'ம்' கொட்டினாரா, தன் பெயரையே மாற்றிக்கொண்டாரே என்பார்கள். உண்மைதான், அது விதிவிலக்கு. அப்படி ஒன்று நடக்கப் பாரதி போல ஒருவர் 1908இல் பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பி ஊருக்கு வர வேண்டும், வந்து பத்தாண்டு தங்க வேண்டும். எல்லாக் குழுவுக்கும் இது கட்டுப்படியாகாது. ஆனால் அந்த முதல் சந்திப்பையே உற்றுப் பாருங்கள். வேணு நாயக்கர் வீட்டுக் கல்யாணத்தில் கனக சுப்புரத்தினம், அதாவது பிற்காலப் பாரதிதாசன், பாரதி பாட்டைப் பாடுகிறார். எழுதியவரே கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது பாடுகிறவருக்குத் தெரியாது. இதைப் பாரதிதாசனே சொல்லியிருக்கிறார். தன் பாட்டைத் தன் எதிரிலேயே ஒரு வாலிபன் உணர்ச்சியோடு பாடும்போது, 'அது நான் எழுதியதாக்கும்' என்று நடுவில் எழுந்திருக்காத கவிஞர்கள் எத்தனை பேர்? பாரதி கேட்டுக்கொண்டிருந்தார். தமிழிலக்கிய வரலாற்றின் மிகப் பெரிய 'ம்' அதுதான் என்பது இக்கட்டுரையின் துணிபு.

கடைசியாகக் கட்டைவிரல் கட்சி. 2022இல் வாட்ஸ்அப், செய்தியின் மேலேயே கட்டைவிரலோ இதயமோ ஒட்டும் வசதியைக் கொடுத்ததிலிருந்து 'ம்' வழக்கொழியும் என்கிறார்கள் இவர்கள். இது கவலைக்குரிய வாதமே அன்று. கட்டைவிரல் செய்தியோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். 'ம்' தனி வரியாக வந்து கீழே நிற்கும், அதற்குக் கீழே காலியிடம் கிடக்கும், அதில் நாற்பத்தோராவது வரியைத் தொடங்கலாம். சண்டே மார்க்கெட்டில் பழைய பிரெஞ்சு அகராதி பாதி விலைக்குக் கிடைத்ததை ஒருவர் அறிவிக்கிறார், கட்டைவிரல் விழுகிறது, பேச்சு அங்கேயே அடங்குகிறது. 'ம்' வந்திருந்தால் எந்தக் கடை, எத்தனை ரூபாய், உள்ளே யார் கையெழுத்து என்றெல்லாம் வெளியே வந்திருக்கும். வந்த 'ம்' மேலேயே கட்டைவிரலை ஒட்டுகிறவர்களும் இப்போது தென்படுகிறார்கள். அவர்களை எந்த வகையில் சேர்ப்பது என்பது அடுத்த ஆய்வாளரின் பாடு.