மாஸ்டர், ஒரு டீ

போன ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு நான் ஃபெயில் ஆனேன். 47 வயதில், சாப்பாட்டு மேஜையில், லுங்கியோடு. 80 கேள்வி, 60 நிமிடம், 85 சதவீதம் எடுத்தால் பாஸ். அதாவது 68 சரியாக இருக்க வேண்டும். எனக்கு வந்தது 66. பக்கத்தில் புத்தகத்தை வைத்துக்கொண்டே எழுதலாம், யாரும் வந்து பார்க்கமாட்டார்கள் என்கிற பரீட்சை வேறு. பார்த்து எழுதியும் ஃபெயிலானவன் எங்கள் வம்சத்தில் நான்தான் முதல் ஆள். டாலரில் கட்டிய தொகை ரூபாயில் எவ்வளவு என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

உண்மையில் 58-வது கேள்வியைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அந்தக் கேள்வி தப்பு. நான் சரி. ஏன் என்று கடைசியில் விளக்குகிறேன். படித்தால் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

பரீட்சை எழுதியே ஆக வேண்டும் என்று ஆபீசில் யாரும் சொல்லவில்லை. ‘கட்டாயமில்லை’ என்றுதான் மெயில் வந்தது. ஆபீஸ் மெயிலில் ‘கட்டாயமில்லை’ என்று வந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். எங்கள் டீமில் 26 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளைக் கூட்டினால் கூட்ஸ் வண்டி மாதிரி நீளும், ரயில்வே கேட்டில் நின்று எண்ணலாம். அவனும் ‘கட்டாயமில்லை சார்’ என்றுதான் சொன்னான். உங்களிடமும் இப்படி ஒன்றிரண்டு பெட்டி இருக்கும், மறைக்காதீர்கள்.

பரீட்சை ஸ்க்ரம் மாஸ்டர் சான்றிதழுக்கு; ஸ்க்ரம் என்பது டீம் வேலையை நடத்துகிற ஒரு முறை. படிக்க வேண்டியது ஸ்க்ரம் கைடு, 2020-ம் வருடப் பதிப்பு. மொத்தமே 13 பக்கம். எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் தண்ணீர் விதிமுறை இதைவிடப் பெரியது. 13 பக்கம்தானே என்று நினைத்தேன் பாருங்கள், அங்கே விழுந்தேன். குறள்கூட ஒன்றேமுக்கால் அடிதான். உரை எழுதி மாளவில்லையே. தினமும் 15 நிமிடம் டீம் கூடிப் பேசும் கூட்டத்தில் ‘நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், என்ன தடை’ என்று மூன்று கேள்வி கேட்பது அந்தப் புத்தகத்தில் முன்பு இருந்தது. 2020 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். எங்கள் ஆபீசில் எடுக்கவில்லை. தினமும் கேட்கிறார்கள், தினமும் பதில் சொல்கிறேன். பரீட்சையிலும் அந்த ஞாபகத்திலேயே டிக் அடித்தேன். ஒரு மார்க் போச்சு.

இந்த வைபவமெல்லாம் எங்கே சூடுபிடித்தது என்றால், 2001 பிப்ரவரியில், அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில், பனிச்சறுக்கு விளையாடுகிற ஸ்னோபேர்ட் என்ற ஊரில். 17 பேர் ஒரு விடுதியில் கூடி, மென்பொருள் வேலையை எப்படிச் செய்வது என்று அஜைல் அறிக்கை ஒன்றை எழுதினார்கள். சறுக்கியது அவர்கள். விழுந்தது ஓசூரில் நான்.

எனக்கு முக்கியமான தகராறு ‘மாஸ்டர்’ என்கிற சொல்லோடுதான். நம் ஊரில் மாஸ்டர் என்றால் கையில் வேலை தெரிந்தவர். டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், டைலர் மாஸ்டர். டான்ஸ் மாஸ்டருக்கு இடுப்பு வளையும். ஸ்டேஷன் மாஸ்டர் கையில் பச்சைக் கொடியாவது இருக்கும். டிராயிங் மாஸ்டர் குறைந்தபட்சம் ஒரு பானை வரைந்து காட்டுவார். ஸ்க்ரம் மாஸ்டர் ஒருவர்தான் கையில் ஒன்றுமே இல்லாத மாஸ்டர். கேள்வித்தாளில் அவருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் விடை ஒன்றேதான். டீமில் இரண்டு பேர் சண்டை. அவர் முதலில் என்ன செய்ய வேண்டும்? தானே தீர்த்துவைத்தால் தப்பு. மேலே புகார் சொன்னால் தப்பு. சும்மா இருந்தால் தப்பு. ‘அவர்களே தங்களுக்குள் கலந்து பேசி முடிவெடுக்க உதவ வேண்டும்’ என்பதுதான் சரி. மூன்றாவதற்கும் நாலாவதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. மார்க்கில் தெரியும்.

இரண்டு மாதம் இந்த மாதிரிக் கேள்வித்தாள்களைப் போட்டுப் பார்த்ததில் எனக்கு உலகமே நாலு விடையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடையில் நின்று, “மாஸ்டர், ஒரு டீ” என்கிறேன். மாஸ்டர் முதலில் என்ன செய்ய வேண்டும்? அ) டீ போட வேண்டும். ஆ) முதலாளியிடம் சொல்ல வேண்டும். இ) முந்தைய பாக்கியைக் கேட்க வேண்டும். ஈ) பாலும் டிக்காஷனும் தாங்களே கலந்து பேசி ஒரு முடிவுக்கு வர உதவ வேண்டும். நல்லவேளை, அந்த மாஸ்டர் எந்தப் பரீட்சையும் எழுதாதவர். ‘அ’வைத் தேர்ந்தெடுத்தார்.

பரோட்டா மாஸ்டர்? மைதா தன்னைத்தானே வீசிக்கொள்ளும் சூழலை உருவாக்க வேண்டும். டைலர் மாஸ்டர்? தீபாவளிக்கு முந்தின நாள் கடைக்குப் போனால், “துணி இன்னும் பேக்லாக்ல இருக்கு சார்” என்பார். இது ஒன்றுதான் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது.

எங்கள் பக்கத்து ரோஜாத் தோட்டக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். காதலர் தினத்துக்கு விமானம் ஏற வேண்டிய மொட்டு, வெயில் கூடியதால் பிப்ரவரி முதல் வாரமே விரிந்துவிட்டது. தோட்டக்காரர் முதலில் என்ன செய்ய வேண்டும்? விரிந்த பூக்களைக் கூட்டி, இந்தத் தடவை எது நன்றாக நடந்தது, எதை மேம்படுத்தலாம் என்று கேட்க வேண்டும். கிருஷ்ணகிரி மாம்பழ மண்டியில்? காய்கள் வைக்கோலுக்குள் சுயமாக நிர்வகித்துக்கொள்கின்றன, யாரும் தலையிடக்கூடாது. ஒன்று அழுகினால் அது ஒட்டுமொத்தப் பெட்டியின் பொறுப்பு. சரி, இதோடு விடுகிறேன். இல்லை, ஒன்றே ஒன்று. போன மாதம் ஒரு கல்யாணம். மூன்றாம் பந்தியில் ரசம் தீர்ந்துவிட்டது. சமையல் மாஸ்டர் ஒரு வாளி வெந்நீரை அண்டாவில் கொட்டினார், புளியைக் கரைத்தார், கொத்தமல்லியைத் தூவினார், 4 நிமிடத்தில் நாலாவது பந்திக்கு ரசம் போய்விட்டது. யாரிடமும் கலந்து பேசவில்லை. அவரை அந்தப் பரீட்சையில் உட்கார வைத்தால் சைபர்தான். நான் 66.

வீட்டில் மாமனார் வேறு. சிப்காட்டில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் 31 வருடம் ஸ்டோர்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். வேறொரு புத்தகத்தில் இருந்த ‘கான்பான்’ அத்தியாயத்தை நான் சத்தமாகப் படித்தது தப்பு.

“மாப்பிள்ளை, அது கார்டுங்க” என்று எழுந்து வந்தார்.

பீரோவிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். பார்ட் நம்பர், ஒரு டப்பாவுக்கு எத்தனை, எந்த ரேக். ஓரமெல்லாம் ஆயில் கறை. டப்பா காலியானால் அட்டை முந்தைய மெஷினுக்குத் திரும்பிப் போகும். அட்டை வந்தால்தான் அங்கே அடுத்த டப்பாவுக்கு வேலை ஓடும். அட்டை வராமல் ஒரு நட்டுகூடச் செய்யக்கூடாது. டொயோட்டாவில் தைச்சி ஓனோ கொண்டுவந்த முறை. ஜப்பான் மொழியில் கான்பான் என்றால் பெயர்ப்பலகை என்று அவரே சொன்னார். கைசன், போக்கயோக்கே, ஃபைவ் எஸ் எல்லாம் தமிழ் வார்த்தை மாதிரி அவர் வாயில் வருகிறது. 2002-ல் டிவிஎஸ் மோட்டாருக்கு டெமிங் விருது வந்த சமயத்தில் இந்த ஊரில் சப்ளையர் கம்பெனிகள் எல்லாம் இந்தப் பாஷைதான் பேசின என்கிறார்.

“ஷிஃப்ட் மாறும்போது நாங்களும் நின்னுக்கிட்டேதான் பேசுவோம். அஞ்சே நிமிஷம். இதுக்கா மாப்பிள்ளை காசு கட்டினீங்க?”

“அது வேற மாமா, இது வேற.”

“எப்படி வேற?”

ஸ்க்ரம் என்ற பெயருக்கும் வேர் ஜப்பானில்தான்: 1986-ல் தாக்கேயுச்சி, நொனாக்கா என்ற இரண்டு ஜப்பான் பேராசிரியர்கள் ஹோண்டா, கேனன் மாதிரிக் கம்பெனிகளைப் பார்த்து எழுதிய கட்டுரையில், ரக்பி ஆட்டத்திலிருந்து எடுத்தது. அதாவது ஜப்பானிலிருந்து அமெரிக்கா போய், அங்கே பெட்டி மாற்றி, டாலர் விலை போட்டு ஓசூருக்கு வந்திருக்கிறது. இதை மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த அட்டையை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டிவிடுவார்.

58-வது கேள்விக்கு வருகிறேன். அதை மேனேஜரிடமே வாதாடிவிடலாம் என்று வியாழக்கிழமை காலைக் கூட்டத்துக்குத் தயாராகத்தான் கிளம்பினேன். ஸ்க்ரீன்ஷாட்கூட வைத்திருந்தேன். கைக்கடிகாரம் செய்யும் ஓசூரிலிருந்து கிளம்புகிறவன் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டி ஆபீசுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. ஜூஜூவாடி தாண்டியதும், வழக்கம்போல அத்திப்பள்ளி நெரிசலில் பஸ் நின்றது. 9 மணிக்குக் கால் வந்தது, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி எடுத்தேன்.

“நேத்து என்ன பண்ணீங்க?”

“அத்திப்பள்ளி.”

“இன்னிக்கு?”

“அத்திப்பள்ளி.”

“ஏதாவது தடை?”

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து கண்டக்டர், “முந்தெ ஹோகி, முந்தெ ஹோகி” என்று கன்னடத்தில் முன்னே போகச் சொல்லிக் கத்தினார். மியூட் போட மறந்திருந்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“குட். அவர் யாரு, புது ஸ்க்ரம் மாஸ்டரா?” என்றார் மேனேஜர்.