குமிழியை நம்பலாமா?

கேள்வி: வீட்டில் பீர் தயாரிப்பவர்கள், நொதித்தல் முடிந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? (கோவில்பட்டி வாசகர்)

பதில்: கேள்வி அறிவியலோடு நிற்கட்டும், அடுப்பு வரை போனால் தமிழ்நாட்டின் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் குறுக்கே வந்துவிடும்!

அனுமதியுள்ள நாடுகளில் ஹைட்ரோமீட்டரைத்தான் நம்புகிறார்கள். பால் சொசைட்டியில் மிதக்கும் லாக்டோமீட்டருக்கு அது பங்காளி. சர்க்கரை கரைந்த திரவம் அடர்த்தியானது, தொடக்கத்தில் கருவி, உதாரணமாக, 1.050 என்று காட்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன 1.010 வரை இறங்கும். வித்தியாசத்தை 131.25-ஆல் பெருக்கினால் சுமார் 5.25 சதவீத ஆல்கஹால். இரண்டு மூன்று நாள் எண் அசையாமல் நின்றால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். அவசரப்பட்டு அடைத்தால் பாட்டில் வெடிக்கலாம். குமிழிகளோ புளுகும்: சூடு ஏறினாலே கரைந்திருந்த வாயு கிளம்பிவிடும். 20 டிகிரிக்கென்று செய்த கருவி, கோவில்பட்டிச் சித்திரை வெயிலில் குறைத்துத்தான் காட்டும்.

கரிசல் சீமைப் பனையேறிகளின் கவலை நேர்மாறு. அவர்களுக்கு நொதிக்கவே கூடாது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் காரத்தன்மையில் ஈஸ்ட் முடங்கும், இறங்குவது பதநீர். சுண்ணாம்பு தப்பினால் கள். அதற்குத் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. நொதித்துவிட்டதா என்று பார்க்கப் பனையேறிகளிடம் கருவியெல்லாம் கிடையாது, மூக்கும் நாக்கும்தான்.