மணிபிளாண்ட்: தோற்றமும் வளர்ச்சியும் களவும்

முன்னுரை: ஹார்லிக்ஸ் பாட்டிலில் வளரும் தாவரங்களுள் தலையாயது மணிபிளாண்ட். அதன் இலையில் மஞ்சள் தீற்று எப்போது மிகும், எப்போது மறையும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதனால் யாருக்கு என்ன பயன் என்று நெறியாளர் வினவினார். அதற்குள் காபி வந்துவிட்டது.

தோற்றம்: தாயகம், பசிபிக் கடலில் உள்ள மோரியா தீவு. 1880-இல் அறிஞர்கள் இதைப் போத்தோஸ் பேரினத்தில் சேர்த்தனர். 1908-இல் சிண்டாப்சஸுக்கு மாற்றினர். 1962-இல் ராபிடோபோரா என்றனர். அதுவும் நிலைக்கவில்லை, இன்று எபிப்ரெம்னம். பூவைப் பார்த்தால்தான் குலம் துணியலாம். இச்செடியோ, பூக்கத் தூண்டும் ஜிப்ரெலின் போதிய அளவு ஊறாததால், பூப்பதே அரிது. பூத்துத் தொலைத்திருந்தால் இத்தனை கட்டுரைகளுக்கு வழி இருந்திருக்குமா என்பது பதவி உயர்வு வேண்டுவோர் சிந்திக்கத்தக்கது.

வளர்ச்சி: மஞ்சள் பகுதியில் பச்சையம் மிகக் குறைவு. ஆகவே நல்ல வெளிச்சத்தில்தான் அந்த ஆடம்பரம் செடிக்குக் கட்டுப்படியாகும். டிவிக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் புது இலைகள் பச்சையாகவே வரும் (மாடிவீட்டு மாமி, பால்கனிப் பேருரை, துணி உலர்த்தும் வேளை). உச்சி வெயிலில் வைத்தால் கருகும்.

களவியல்: திருடி நட்டால்தான் மணிபிளாண்ட் செழிக்கும், பணமும் சேரும் என்பர். கேட்டு வாங்கலாமே எனின், வாங்க இயலாது. கொடுத்தால் கூடவே வீட்டுச் செல்வமும் போய்விடும் என்று கொடுப்பவர் அஞ்சுவர். ஆகவே ஒரு கோட்பாடு களவை விதிக்க, மற்றொன்று அதற்கு வேறு வழியில்லாமல் செய்கிறது. அண்டை வீட்டார் தமக்கு அடுத்த வீட்டில் திருடினார். அவர் அதற்கும் அடுத்த வீட்டில். இவ்வாறே பின்னோக்கிச் சென்றால் மோரியாவில் யாரோ ஒருவர் வாசலில் போய் நிற்போம். அவர் பணத்தை எல்லாம் இழந்தாரா என்பது மேலாய்வுக்குரியது (இஸ்திரிக்காரர், தள்ளுவண்டிக் குறிப்புகள், முதற்பாகம், கரி தீர்ந்ததால் இரண்டாம் பாகம் வெளிவரவில்லை. வாட்ச்மேன் இதற்கு ஒரு மறுப்புரை எழுத எண்ணி, தூங்கிவிட்டதாகச் செவிவழிச் செய்தி).

களவுக்கும் இலக்கணம் உண்டு. கணுவோடு கிள்ள வேண்டும். இருட்டில் பதறி இலையை மட்டும் கிள்ளி வந்தால், அது தண்ணீரில் வேர்கூட விடலாம். துளிர் மட்டும் விடாது. அடுத்தவர் நூலிலிருந்து பத்தியை எடுத்துக்கொண்டு அடிக்குறிப்பை அங்கேயே விட்டுவரும் முனைவர்களுக்கும் நேர்வது இதுவே. மஞ்சள் வேண்டுவோர் மஞ்சள் தீற்றிய கொடியையே தேர்க. முழுப்பச்சைக் கொடியைக் கிள்ளினால் பெரும்பாலும் பச்சையே கிட்டும். டார்ச் அடித்துத் தேர்வது ஆய்வு நெறிப்படி சரி. பிடிபடும் நிகழ்தகவு நோக்கின் தவறு.

கற்பியல்: வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுக.

நன்றியுரை: கொடி தந்த பக்கத்து வீட்டாருக்கு நன்றி கூற இயலவில்லை. தந்தது அவருக்கு இன்னும் தெரியாது.